பெயரில் மட்டும் செண்பகம் இருந்தால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் இடத்துக்குப் பெயரே செண்பகத்தோப்பு. அந்தப் பக்கத்துக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் வந்தாச்சு. அணிலுக்கும் புலிக்கும் இடம் கிடைத்தது, நல்லது. பெயர் கொடுத்த மரத்தை ஊருக்குள் கொண்டுவருவது எப்போது?

செண்பகம்னா எது என்பதிலேயே குழப்பம் உண்டு. கோயில் வாசல்களில் வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரியையும் வடக்கே 'சம்பா' என்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. லாவோஸின் தேசிய மலரான 'டோக் சம்பா'வும் அதுதான். செண்பகம் வேறு. மாக்னோலியா குடும்பம், மஞ்சளும் ஆரஞ்சுமான பூ, தெருமுனையிலேயே பிடிபடும் வாசம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் தானாகவே வளர்வது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் சண்பகமும் ஒன்று.

பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டியதாகச் சொல்லும் ஊர் இது. இங்கேயும், பக்கத்து ராஜபாளையத்திலும் மரம் நடும் விழா என்றால் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரைத்தான் தேட வேண்டுமா? அது அழகுதான், ஆனால் காற்றுக்குக் கிளை முறியும், வாசமும் கிடையாது.

ஒரு சிக்கலையும் சொல்லியாகணும். செண்பகம் வறண்ட ரோட்டோரத்துக்கான மரம் இல்லை. பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், வீட்டுக் கொல்லை சரியாக இருக்கும். விதைக்கன்று பூக்க எட்டு, பத்து வருஷம்கூட ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று வருஷத்திலேயே பூக்கும். எதுவானாலும், முதல் சில கோடைகளுக்கு யார் தண்ணீர் ஊத்துறது என்று முடிவு பண்ணிவிட்டுக் குழி தோண்டுவது நல்லது.