மரக்குற்றி வீடும் மரத்தின் வயிரமும்

கனடா, நோர்வே முதலிய குளிர்நாடுகளிற் குடியேறி வாழும் நம்மவருட் சிலர், பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு மரக்குற்றிகளாலான வீடொன்றைக் கட்ட விரும்புகின்றனர். எந்த மரத்தைத் தெரிவது, குற்றிகளை எவ்வடிவில் அடுக்குவது என்று அன்பர் ஒருவர் நமக்கு எழுதி வினவியிருந்தார். அழகொன்றையே நோக்கித் தெரிந்தால் வாழ்நாட் சேமிப்பு மரத்தோடு மரமாக உக்கிப்போகும். ஆதலின், இவ்வாரம் இப்பொருளை ஆராய்வோம்.

புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். பனை அவ்வகையிற் புல்லாகும். ஆகவேதான் பனையிற் சிலாகை அரிவோர் உள்ளிருக்கும் சோற்றியைக் களைந்து, புறத்து வயிரத்தைக் கொள்கின்றனர். குளிர்நாட்டுப் பைன் மரமோ இதற்கு நேர்மாறானது. அதன் வயிரம் நடுவில் உள்ளது. நீரையும் உணவையும் தாங்கிய வெளிறு வயிரத்தைச் சூழ்ந்திருக்கின்றது. பூஞ்சணமும் வண்டும் முதலில் நாடுவது அவ்வெளிற்றையே. எத்துணை உயர்ந்த சாதி மரமாயினும் அதன் வெளிறு உக்கலைத் தாங்காது என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, மரச் சாதிகளை நோக்குவோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செஞ்சீடர் மரத்தின் வயிரத்தில் உக்கலைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் உள்ளன. அது சுருங்குவதும் குறைவு, விலையோ அதிகம். கியூபெக் மாகாணத்து மொன்ரெபெல்லோ என்னும் ஊரில் 1930இல் எழுந்த பெருவிடுதிக்கு இம்மரத்தில் ஏறக்குறைய 10,000 குற்றிகள் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வருவிக்கப்பட்டன. யெலோஸ்ரோன் வனத்தில் 1903-04இற் கட்டப்பட்ட விடுதிக்கோ, அயற்காட்டில் நெடிது நேராக வளரும் லொட்ஜ்போல் பைன் மரமே போதியதாயிற்று. அம்மரம் உக்கலை எதிர்ப்பதிற் சிறந்ததன்று. ஆயினும் கல் அத்திவாரத்தின் மேலும் செங்குத்தான கூரையின் கீழும் அது நூறாண்டு கடந்து நிற்கின்றது. ஸ்புரூஸ் மரம் இலேசானது, நேரானது. ஈரத்தை மாத்திரம் பொறாது. லார்ச் மரம் பாரமும் வன்மையும் மிக்கது. ஆதலின் ருஷ்ய நாட்டார் நிலத்தை அடுத்த கீழ்வரிசைகளுக்கு அதனை விரும்பிக் கொள்வர்.

சாதியைத் தெரிந்தபின் வடிவத்தைத் தெரிதல் வேண்டும். பட்டையை மட்டும் உரித்து உருளையாகவே அடுக்குவது ஒரு முறை. இதில் மேற்குற்றியின் அடிப்பாகத்தைக் குடைந்து கீழ்க்குற்றியின் முதுகிற் பொருந்த வைப்பர். குடைவு கீழ்நோக்கியிருப்பதால் அதில் மழைநீர் தேங்குவதில்லை. பிறிதொரு முறையிற் குற்றிகளுக்கிடையே இடைவெளி விட்டுச் சாந்தால் அடைப்பர். ஆலையிற் செதுக்கப்பட்டு, வெளிப்புறம் உருண்டும் உட்புறம் தட்டையாயும் வரும் குற்றிகள் இன்னொரு வகை. நாற்புறமும் செதுக்கிச் சதுரமாக்கி, மூலைகளைப் புறாவால் மூட்டாற் பிணைப்பதும் உண்டு. அம்மூட்டின் சரிவு வெளிநோக்கியிருப்பதால் நீர் உள்ளே புகாது வழிந்துவிடும்.

சாதியும் வடிவமும் ஒன்றையொன்று பற்றி நிற்பது இவ்விடத்திலேதான். உருளைக் குற்றியிற் காற்றுக்கும் மழைக்கும் முகங்கொடுப்பது மென்மையான வெளிறே. சதுரக் குற்றியிலோ வெளிற்றின் பெரும்பகுதி செதுக்குண்டு நீங்க, வயிரம் வெளிவருகின்றது. ஆகவே, உருளை வடிவை விரும்புவோர் கூரை இறப்பை அகலமாக நீட்டுதலும், அடிக்குற்றியை நிலத்தினின்று ஓரடிக்குக் குறையாமல் உயர்த்துதலும் இன்றியமையாதன.

மற்றொன்றும் உண்டு. பச்சை மரம் உலரும்போது நீளவாட்டிற் பெரிதும் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டிலேயே சுருங்கும். பச்சைக் குற்றிகளால் எழுப்பிய 8 அடிச் சுவர், சில ஆண்டுகளில் 5 அல்லது 6 அங்குலம் வரை தாழக்கூடும். கதவு, யன்னல்களுக்கு மேல் இடைவெளி விடாவிட்டால் அவை இறுகிப்போகும். நட்டு நிறுத்திய தூண்களோ சுருங்காமையால், அவற்றின் அடியில் இறக்கத்தக்க திருகாணி வைப்பர். இவற்றுக்கு அஞ்சுவோர் உலர்த்திய மரத்தை வாங்குதல் நன்று.

ருஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஜி என்னும் தீவில் மரக்கோயிலொன்று 1714ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. சுவர்கள் பைன் குற்றிகளாலானவை. 22 கும்மட்டங்களும் அஸ்பென் மரச்சிறாம்புகளால் வேயப்பட்டவை. மழைநீர் சுவரிற் படாது வழிய அமைத்த திறமே அதன் நெடிய ஆயுளுக்குப் பெருந்துணை. பழுதுற்ற குற்றிகளை மாற்றி நல்லனவற்றைப் பேணிய அதன் திருப்பணி 2020அளவில் நிறைவெய்தியது.

ஆகவே, வீடு கட்ட எண்ணுவோர் மரவியாபாரியிடம் மரத்தின் பெயரை மட்டும் கேட்டு அமையாது, குற்றியின் வெட்டுமுகத்தைக் காட்டுமாறு கேட்பாராக. வயிரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே விலை பேசுதல் தகும். கூரைக்கும் அத்திவாரத்துக்கும் செலவிடும் பணத்தைக் குறைத்து உயர்ந்த மரம் வாங்குவோர், ஈற்றில் இரண்டையும் இழப்பர்.