பழங்கதைத் தெய்வங்களும் நம் பிள்ளைகளும்

கிரேக்கர் வணங்கிய சீயுசும், வடஐரோப்பியர் வணங்கிய தோரும் தம் பலிபீடங்களை இழந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் இளையோர் உலகில் அவர்களுக்கு இன்று புதுவாழ்வு கிடைத்துள்ளது. அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன், வாசிப்பதில் இடர்ப்பட்ட தம் மகனுக்கு இரவில் சொன்ன கிரேக்கக் கதைகளே, 2005-இல் 'பெர்சி ஜாக்சன்' நூல்வரிசையாக மலரத் தொடங்கின. தோரோ 1962 முதல் சித்திரக்கதைகளிலும், 2011 முதல் பெரும் திரைப்படங்களிலும் சுத்தியலோடு உலவுகிறார். இவற்றில் தோய்ந்த இளைஞர்கள், "நீ எந்தத் தெய்வத்தின் பிள்ளை?" என்று ஒருவரையொருவர் வினவி மகிழ்கின்றனர், ஆத்தீனாவாகவும் லோக்கியாகவும் வேடம் புனைந்து நகைக்கின்றனர்.

ஆங்கில நூல்களை வாசிக்கும் நம் பிள்ளைகளின் கைகளிலும் இக்கதைகள் தவழ்கின்றன. இதனால் விசுவாசத்திற்குக் கேடு விளையுமோ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே.

முதற்கண், வழிபாடு வேறு, விளையாட்டு வேறு என்பதை நாம் உணர வேண்டும். லிஸ்திரா நகரத்தார் பர்னபாவைச் சீயுஸ் என்றும், சின்னப்பரை எர்மஸ் என்றும் எண்ணிப் பலியிட முனைந்தபோது, அத்திருத்தூதர்கள் தம் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு தடுத்தனர். அது வழிபாடு. கதையைச் சுவைக்கும் சிறுவன் எவருக்கும் பலியிடுவதில்லை.

திருச்சபையின் சான்றோரும் இக்கதைகளைக் கண்டு ஓடவில்லை. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், கிரேக்க இலக்கியம் பயிலும் இளைஞருக்குத் தேனீயையே எடுத்துக்காட்டாக வைத்தார். தேனீ எல்லா மலரையும் நாடுவதில்லை. நாடிய மலரிலும் வேண்டியதையே கொள்கிறது. ஓடின், தோர் ஆகியோரின் கதைகளில் பெரும்பகுதியைத் தொகுத்துக் காத்தவரும், ஏறத்தாழ 1220-இல் ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஸ்னோரி என்னும் கிறிஸ்தவரே.

சி. எஸ். லூயிஸ் இளமையில் விசுவாசத்தை இழந்தவர். ஆயினும் குற்றமற்ற பால்டர் மாண்ட வடநாட்டுக் கதை அவர் உள்ளத்தை உருக்கியது. 1931 செப்டம்பரில் ஓரிரவு, கத்தோலிக்கரான டோல்கீன் முதலிய நண்பர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அவரோடு நெடுநேரம் உரையாடினர். பழங்கதைகளில் மெய்யொளியின் சிதறல்கள் உண்டு. கிறிஸ்துவின் வரலாற்றிலோ அக்கதை உண்மையாகவே நிகழ்ந்தது என்பதே அவ்வுரையாடலின் சாரம். சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றார். பால்டர் அவருக்குத் தடையாகவில்லை. வழியில் நின்ற கைகாட்டியானார்.

எனவே நூலைப் பறித்து எறியும் தந்தை, நூலை மட்டுமன்று, மகனோடு உரையாடும் வாய்ப்பையும் எறிந்துவிடுகிறார். அதனை உடனிருந்து வாசிப்பதே நலம். சீயுசின் ஒழுக்கக்கேட்டையும், தம் இறுதிப்போரில் தாமே மடியும் வடநாட்டுத் தெய்வங்களின் இயலாமையையும் பிள்ளைகளே கண்டுகொள்வர். "நம் ஆண்டவர் எவ்வாறு வேறுபட்டவர்?" என்னும் வினா அங்கேதான் பிறக்கும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ஒலிம்பு மலையின் பன்னிரு தெய்வங்களையும் ஒப்புவிக்கும் பிள்ளைக்குத் தோபியாசின் கதை தெரியாதெனில், குற்றம் கிரேக்கருடையதன்று. மாறுவேடத்தில் வந்த அதிதூதர், ஆற்றிலிருந்து பாய்ந்த மீன், துரத்தப்பட்ட பேய், உடன் நடந்த நாய் — இத்தனையும் நம் திருநூலில் உண்டு. அதனைச் சுவையோடு சொல்ல நமக்கு நாவில்லையா?

இன்றிரவு செபமாலை முடிந்தபின், தோபித்து ஆகமத்தின் ஓர் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். மறுநாள் அவர்களே மீதியைக் கேட்பார்கள்.