மனைவிக்கு அனுப்பும் பணம்

கடல் கடந்து பொருளீட்டல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் மரக்கல வாணிகத்தால் வாழ்ந்த ஊர்கள். இன்று வளைகுடாவில் உழைக்கும் கணவர், ஊரிலுள்ள மனைவிக்குப் பணம் அனுப்பப் பல வழிகள் உள: வங்கி, நாணயமாற்று நிலையம், கைப்பேசிச் செயலி, உண்டியல்.

'கட்டணம் இல்லை' எனும் விளம்பரம் கண்டு நாம் மயங்குதல் கூடாது. நாணயமாற்று விகிதத்தைக் குறைத்தும் ஆதாயம் கொள்வதுண்டு. ஒரே நாளில், ஒரே தொகைக்கு, அவள் கையில் எத்தனை ரூபாய் சேரும் என்பதே உரைகல்.

உண்டியல் விரைவானது; வீட்டு வாசலுக்கே வருவது; ஆயின் இரசீது இல்லாதது. 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திற்கும் புறம்பானது. பணம் வந்து சேராவிடின் முறையிட இடமில்லை. விசாரணை வரின் அதற்கு நிற்பவள் பெற்றுக்கொண்ட பெண்ணே. தவணைக் கடனை எழுதிவைக்கப் பணிக்கும் திருமறை வசனத்தை (2:282) ஓதும் நாம், எழுத்தில்லா இம்முறையை எங்ஙனம் ஏற்பது?

மற்றொன்றும் உண்டு. தமையன் பெயருக்குப் பணம் அனுப்பி, மனைவியை அவரிடம் கேட்டுப் பெறச் செய்தல் முறையன்று. அவளது வாழ்க்கைச் செலவு கணவன் மீதுள்ள கடமை, அவள் உரிமை. அது அவள் கணக்கிலேயே சேர்க! மாணவ மணிகளே, உங்கள் அன்னையர்க்குத் தம் பெயரில் வங்கிக் கணக்கு உண்டா? இல்லையேல், தொடங்கித் தருவது உங்கள் கல்வியின் முதற்பயனாகட்டும்.