ஆட்டம் எந்த அலைவரிசையில்? கேமரன் மலைத் தோட்டங்களில் பதில் அவ்வளவு எளிதல்ல

பெரிய ஆட்டம் ஒன்று வரும்போதெல்லாம் நாடு முழுவதும் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த அலைவரிசையில் காட்டுகிறார்கள்? கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். வீட்டில் கட்டணத் தொலைக்காட்சி இல்லையா, கைப்பேசி இருக்கிறது. அதில் டேட்டா தீர்ந்துவிட்டதா, முச்சந்தியில் மாமாக் கடை இருக்கிறது. ஒரு தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்துவிடலாம். யாரும் எழுப்பப் போவதில்லை.

ஹபுவைத் தாண்டி உள்ளே செல்லும் போ தோட்டத்திலோ, கம்போங் ராஜா பக்கமுள்ள புளூவேலியிலோ குடியிருப்பவருக்கு அலைவரிசையின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது, அன்றிரவு மழை பெய்கிறதா, மறுநாள் பெரட்டு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சேர்ந்துதான் அவர் ஆட்டத்தைப் பார்ப்பாரா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. ஒளிபரப்பு உரிமை பற்றி நாட்டில் நடக்கும் விவாதங்களில் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. எத்தனை ஆட்டங்களை ஆர்டிஎம் இலவசமாகக் காட்டும், அதற்கு எத்தனை கோடி வெள்ளி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இலவசமாக அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பதை அதன் பிறகு கேட்பாரில்லை.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28. அன்றிலிருந்து 2019 வரை, கூரை மேல் ஓர் அன்டெனாவை நட்டுவைத்தால் ஏதோ ஒன்று தெரிந்தது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் கூரையில் ஏறிக் கம்பியைத் திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து “போதும், போதும்” என்று கத்த, புள்ளி புள்ளியாக விழும் பனிக்கு நடுவே பந்து எங்கே இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டு பார்த்த காலம் அது. படம் மோசம், ஆனாலும் கோல் விழுந்தால் தெரிந்தது.

2019-ல் அந்தப் பழைய ஒளிபரப்பு நாடு முழுவதும் கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டு, மைடிவி வழியிலான இலக்கமுறை ஒளிபரப்பு வந்தது. படம் துல்லியமானது, அலைவரிசைகள் கூடின, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெட்டி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் இலக்கமுறைக்கு ஒரு குணம் உண்டு. அலை பலவீனமானால் பழைய முறையில் படம் மங்கும். புதிய முறையில் படமே இருக்காது. ஒரு வரம்புக்கு மேலே இருந்தால் கண்ணாடி போன்ற படம், வரம்புக்குக் கீழே போனால் கறுப்புத் திரை. நடுவில் ஒன்றும் கிடையாது. பனி விழும் படத்தோடு சமாளித்து வந்த வீடுகளைப் பொறுத்தவரை இந்த மாற்றம் முன்னேற்றமா பின்னடைவா என்பது அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இடம்தான் இங்கே எல்லாம். தரைவழித் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கோபுரத்துக்கும் அன்டெனாவுக்கும் நடுவில் மலைமுகடு ஒன்று நின்றால், அதன் பின்புறம் நிழல். கேமரன் மலையில் கோபுரத்துக்குப் பஞ்சமில்லை. 2,000 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையுச்சியிலேயே ஒன்று இருக்கிறது. அதற்குப் போகும் சாலையில்தான் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கான திருப்பமும் வருகிறது. தேயிலை பயிரிடப்படுவது சரிவுகளில் என்றாலும், தொழிலாளர் குடியிருப்புகள் பெரும்பாலும் தொழிற்சாலையை ஒட்டி, நீர் கிடைக்கும் பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு நூற்றாண்டு கழித்து அங்கே குடியிருப்பவர்கள் கோபுரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இலக்கமுறை ஒளிபரப்பு மக்கள் தொகையில் 98 விழுக்காட்டினரைச் சென்றடைய வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு. எஞ்சிய 2 விழுக்காட்டினர் யார் என்று தேடினால், இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள ஓராங் அஸ்லி கிராமங்களிலும்தான் முதலில் தேட வேண்டும்.

தோட்ட வீடுகளின் கூரைகளில் துணைக்கோளத் தட்டு இத்தனை சாதாரணமாகிப் போனதற்கு வசதி மட்டும் காரணமில்லை. மேசாட் துணைக்கோளங்கள் நிற்கும் இடம் பூமத்தியரேகைக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில். கேமரன் மலையிலிருந்து பார்த்தால் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. ஐரோப்பாவில் மலையடிவாரத்தில் இருப்பவருக்கு முகடு துணைக்கோளத்தை மறைத்துவிடும். இங்கே எவ்வளவு ஆழமான பள்ளத்தாக்காக இருந்தாலும் தலைக்கு மேல் வானம் திறந்தே இருக்கிறது. மலை தடுக்காத ஒரே ஒளிபரப்பு வானத்திலிருந்து வருவதுதான்.

அதைத் தடுப்பது மழை. ஆஸ்ட்ரோ பயன்படுத்தும் அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே என்பதால், கனத்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை வந்தால் படம் போகும் என்பது மலேசியர்கள் எல்லாரும் அறிந்ததே. மழைக்குப் பேர்போன மலையில் அதை இன்னும் நன்றாக அறிவார்கள். மழை இல்லாமலும் ஒருமுறை போனது. 2021 ஜூன் 21 அன்று மேசாட்-3 துணைக்கோளம் பழுதானபோது ஆஸ்ட்ரோவின் பல அலைவரிசைகள் தடைப்பட்டன. அதற்கு மாற்றாக மேசாட்-3டி ஏவப்பட்டது ஓராண்டு கழித்து, 2022 ஜூனில்.

தட்டு இருந்தாலும் ஆட்டம் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2012-ல் அறிமுகமான என்ஜோய், ஒருமுறை மட்டும் பணம் செலுத்தித் தட்டும் பெட்டியும் பெறும் ஏற்பாடு. மாதக் கட்டணம் இல்லை. டிவி1, டிவி2 வரும். இங்கிலாந்து ப்ரீமியர் லீக்கோ அது போன்ற பிற போட்டிகளோ வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டியாக வேண்டும். ஆகவே தோட்டத்தில் கட்டணமில்லாமல் பார்க்கக்கூடியது ஆர்டிஎம் வாங்கும் ஆட்டங்களைத்தான். 2022 உலகக் கிண்ணக் காற்பந்தின் 64 ஆட்டங்களில் ஆர்டிஎம் காட்டியது 41. 2026 உலகக் கிண்ணத்தில் அணிகள் 48 ஆகவும் ஆட்டங்கள் 104 ஆகவும் கூடிவிட்டன. ஆட்டம் கூடக்கூட விலை கூடும். இலவசமாகக் கிடைக்கும் பங்கு அதே வேகத்தில் கூடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உள்நாட்டுக் காற்பந்தின் கதை இன்னும் வருத்தமானது. 2018-ல் டெலிகோம் மலேசியா எட்டாண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி என்ற பெரிய ஒப்பந்தத்தோடு மலேசிய லீக்கின் ஒளிபரப்பு உரிமைக்குள் வந்தது. ஓராண்டிலேயே அந்த உறவு முறிந்தது. அதன்பின் ஆட்டங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. கேமரன் மலைக்காரர்களுக்கு அலைவரிசையைத் தேட வேண்டிய அவசியமே இப்போது குறைந்துவிட்டது. அவர்களுடைய மாநில அணியான ஸ்ரீ பகாங், 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை வந்து ஜொகூர் டாருல் தக்சிமிடம் 1-2 எனத் தோற்றது. அதன்பின் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. மலையிறங்கினால் வரும் ஈப்போவின் பேராக் அணியும் 2025-26 பருவத்தில் இல்லை. மலையின் இரு பக்கத்து அணிகளும் ஒரே ஆண்டில் களத்தை விட்டுப் போயின.

ஈப்போவில் எஞ்சியிருப்பது ஹாக்கி. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால், 1983-ல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும் அரங்கை எட்டிவிடலாம். இந்த நாட்டு இந்தியர்களுக்கு ஹாக்கியோடு உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசிய அணியை வழிநடத்தியவர் என். ஸ்ரீ சண்முகநாதன். அரையிறுதியில் எதிரணி இந்தியா. மலேசியா முன்னிலையில் இருக்க, கடைசி நிமிடங்களில் அஸ்லாம் ஷெர் கான் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. மலேசியா நான்காம் இடம் பெற்றது. அதற்கு மேல் இன்றுவரை போகவில்லை. அன்று மெர்டேக்கா அரங்குக்குப் போக முடியாதவர்களுக்கு இருந்தது வானொலியும், சில வீடுகளிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியும்தான்.

வானொலியைப் பழங்கதையாக ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். கைப்பேசியில் உயர்தரப் படமாக ஒரு மணி நேர ஆட்டம் பார்த்தால் 2 முதல் 3 ஜிபி டேட்டா போகும். அதே ஒரு மணி நேரத்தை இணைய வானொலியில் கேட்டால் அதில் மிகச் சிறு பங்குதான் போகும். 2021 இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டு 4ஜி விரிவாக்கப்பட்ட பிறகும், கைப்பேசிக் கோபுரத்தின் அலைக்கும் முகடு முகடுதான். ஒரு கோடு மட்டும் காட்டும் கைப்பேசியில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில் குரல் வந்துவிடும்.

அந்தக் குரல் எந்த மொழியில் இருக்கும்? இங்கே கனடாவைப் பார்ப்பது பயன் தரும். அங்கே ஹாக்கி என்றாலே பனிக்கட்டி ஹாக்கிதான். அதன் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் தேசிய ஒளிபரப்பு உரிமையை ரோஜர்ஸ் நிறுவனம் 2013-ல் 12 ஆண்டுகளுக்கு 520 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. 2025-ல் அதையே மேலும் 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடிக்குப் புதுப்பித்தது. இரு மடங்குக்கும் மேல். நம் நாட்டில் பேசப்படும் தொகைகள் இதன் முன்னே ஒன்றுமில்லை. ஆனாலும் உரிமை தனியாரிடம் போன பிறகும், 1952-லிருந்து தொலைக்காட்சியில் வரும் சனிக்கிழமை இரவு ஹாக்கி நிகழ்ச்சி பொது ஒளிபரப்பான சிபிசியில் தொடர்ந்தது. அதைவிட நமக்கு முக்கியமானது, அதே ஆட்டத்துக்கு 2008 முதல் பஞ்சாபி மொழியில் வர்ணனை வந்ததுதான். பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள், ஓர் அந்நிய விளையாட்டைத் தாய்மொழியில் கேட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். (மலேசியாவிலும் பனிக்கட்டி ஹாக்கி உண்டு. 2017 சீ விளையாட்டுப் போட்டியில் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. டொரோண்டோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் என்எச்எல் ஆட்டம் நமக்குக் காலை 7 அல்லது 8 மணி. கொழுந்துக் கூடை முதுகில் ஏறியிருக்கும் நேரம்.)

தமிழில் இது புதிதல்ல. அப்துல் ஜப்பாரின் வானொலிக் கிரிக்கெட் வர்ணனை ஒரு தலைமுறையின் நினைவில் இருக்கிறது. 2017 முதல் இந்தியாவில் தமிழுக்கென்றே ஒரு விளையாட்டு அலைவரிசை ஓடுகிறது. இங்கே மின்னல் பண்பலையும் ராகாவும் தோட்டப்புறத்தில் நாள் முழுவதும் ஒலிப்பவை. விளையாட்டுச் செய்தி வேறு, ஆட்டத்தோடு ஓடும் வர்ணனை வேறு. உலகக் கிண்ணத்தின் சில ஆட்டங்களுக்கும், ஈப்போவில் நடக்கும் அஸ்லான் ஷா கிண்ணத்தில் மலேசியா ஆடும் ஆட்டங்களுக்கும் தமிழில் நேரடி வர்ணனை தருவது ஆர்டிஎம் போன்ற ஓர் அமைப்புக்குப் பெரிய சுமையல்ல. வானொலி உரிமை பொதுவாகத் தொலைக்காட்சி உரிமையைவிட மிக மலிவு. தேவைப்படுவது இரண்டு ஒலிவாங்கிகளும் ஆட்டம் தெரிந்த இரண்டு பேரும்.

இந்தியாவிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்றும் உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களை, உரிமை யாரிடம் இருந்தாலும், பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிரப்படும் ஆட்டம் தரைவழியில் மட்டுமின்றி, மாதக் கட்டணமில்லாத துணைக்கோளச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் வருகிறது. வால்பாறையின் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கு அதன் பொருள் என்னவென்று கேமரன் மலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மலேசியாவில் ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் தனித்தனியாகப் பேரம் பேசி, கடைசி நேரத்தில் அறிவிப்பு வெளியிடும் வழக்கத்தைவிட இது நிதானமான வழி.

நேரத்தையும் மறக்கக் கூடாது. 2026 உலகக் கிண்ண இறுதியாட்டம் மலேசிய நேரப்படி ஜூலை 20, திங்கட்கிழமை அதிகாலை 3 மணி. மற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவையும் நமக்கு நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடையில் வருபவை. விடிந்ததும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவருக்கு நேரலையைவிட, மாலையில் முழு ஆட்டத்தையும் மறு ஒளிபரப்பு செய்வதே உதவும். அதற்கு யாரும் தனியாகப் பெரிதாகப் பேரம் பேச வேண்டியிருக்காது.

தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து, வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் தேடும் ஆட்டம் வேறாக இருக்கலாம். அவர்களும் அதே முகட்டின் பின்னால்தான் வசிக்கிறார்கள். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டத்தோ ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி. சிக்னல் கிடைக்காத கிராமம் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருக்காது. எந்த லயத்தில் மைடிவி தெரிகிறது, எதில் தெரியவில்லை, எங்கே தட்டு வைத்தால்தான் ஆகும் என்று தோட்ட வாரியாக ஒரு பட்டியல் எடுக்க ஆர்டிஎம்முக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வாரம் போதும்.