ரேஷன் எண்ணெய்

ரேஷன் கடைகளில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் வழங்க வேண்டுமென்று தமிழ்நாட்டு விவசாயிகள் பல வருஷங்களாகக் கேட்டு வருகின்றனர். நிலக்கடலையும் தென்னையும் விளையும் புதுக்கோட்டை ஜில்லாவில் இக்கோரிக்கைக்குத் தனி வலுவுண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததை எவரும் மறந்திரார். ரேஷன் பாமாயிலோ பெரும்பாலும் இந்தோனேஷியா, மலேஷியா தேசங்களின் சரக்கு. இந்தியா உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்நிய நாட்டிலிருந்து வருவது விவசாய தேசமொன்றுக்குப் பெருமை தருவதன்று.

பண விஷயம் ஒருபுறமிருக்க, தேகாரோக்கியத்தையும் கவனிக்க வேண்டும். எண்ணெயிலேயே கொலஸ்டிரால் இருப்பதாக ஜனங்களில் பலர் எண்ணுகின்றனர். தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லத்தக்க அளவில் கிடையாது. புட்டியின் மேல் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று அச்சிடுவது, வாழைப்பழத்தில் எலும்பில்லை என்று விளம்பரம் செய்வதை ஒக்கும். கொலஸ்டிராலின் பெரும்பகுதியை நமது உடலே உண்டாக்கிக்கொள்கிறது. கெட்டது எனப்படும் எல்.டி.எல். கொலஸ்டிராலை இரத்தத்தினின்றும் அப்புறப்படுத்துவது முக்கியமாகக் கல்லீரலின் வேலை. அதற்கென்றே அதன் அணுக்களில் ஏற்பிகள் அமைந்துள்ளன. இவ்விஷயத்தை ஆராய்ந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க டாக்டர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகாரத்தில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இவ்வேற்பிகளின் வேலை தளர்கிறது, எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகிறது. நோயற்ற திடசரீரிகளுக்கும் இது பொருந்தும்.

பாமாயிலில் இக்கொழுப்பு நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாது. கடலை எண்ணெயில் ஏறக்குறைய 20-க்குள். நல்லெண்ணெயில் 15 அளவே. தேங்காய் எண்ணெயிலோ 90 பங்கு! சுதேசி என்பதற்காக இதை மறைப்பது நியாயமன்று. பல பரிசோதனைகளை ஒருங்கு சேர்த்து 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வெப்பநாட்டு எண்ணெய் அல்லாத இதர தாவர எண்ணெய்களை உண்டவர்களைவிடத் தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கு எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் அதிகமிருந்தது. நல்ல கொலஸ்டிராலும் சிறிது ஏறுகிறதே என்பர். அந்த ஏற்றத்தால் இருதயத்துக்கு நன்மை விளைவதாக நிரூபணமாகவில்லை.

ஆகவே கோரிக்கையில் ஒரு பாதியை நாம் பூரணமாக ஆதரிக்கிறோம். மறு பாதியை ஆதரிக்க இயலவில்லை. தென்னை விவசாயிகளின் கஷ்டத்தைக் கொப்பரைக் கொள்முதலைப் பெருக்கித் தீர்க்கலாம். ரேஷனுக்கு உரியது கடலை எண்ணெயே. அதன் விலை பாமாயிலைவிட அதிகமென்பது உண்மை. அந்த வித்தியாசத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். கார்டு வைத்திருக்கும் ஏழையின் தலையில் சுமத்தலாகாது. ஒரேயடியாக இயலாவிடில், கடலை விளையும் புதுக்கோட்டை போன்ற ஜில்லாக்களிலேனும் முதலில் ஆரம்பிக்கட்டும்.