மூக்கு சொன்ன சேதி

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் முதலில் சேதி சொன்னது மூக்குதான். கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா வீட்டுக்குள் புகுந்ததும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் தெருவுக்கு ஓடியது. அதே டிசம்பரில் கணினிக்காரர்கள் மத்தியில் வேறொரு புகார்: சாட்ஜிபிடி சோம்பேறியாகிவிட்டது, பாதி நிரலை எழுதிக்கொடுத்து மீதியை நம் தலையில் கட்டுகிறது. நவம்பர் 11-க்குப் பிறகு மாடலில் கை வைக்கவே இல்லை என்றது அதை உருவாக்கிய ஓபன்ஏஐ. சாட்ஜிபிடிக்கும் குளிர்கால விடுமுறை மூடு வந்துவிட்டதோ என்றுகூடச் சிலர் ஊகித்தார்கள். (மனுசனைப் பார்த்துப் பழகியதாயிற்றே!) 2024 ஜனவரியில் அதே நிறுவனம், அந்தச் சோம்பலைக் குறைக்கவென்றே புதிய மாடலை வெளியிட்டது. ஏதோ மாறிவிட்டது என்று முகர்ந்து சொல்லும் மூக்கு எப்போதும் சரி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒருமுறை மிரண்டுவிட்டால் மீன் குழம்பிலும் அம்மோனியா வீசும். ஆனாலும் எல்லாம் உங்கள் பிரமை என்று சொல்லும் ஆலைக்காரர்களை எண்ணூரும் திருவொற்றியூரும் நிறையவே பார்த்தாயிற்று. மாடலில் என்றைக்குக் கை வைத்தோம், எதை மாற்றினோம் என்று நாலு வரி எழுதிப்போட என்ன செலவு? காற்று மாறப்போகிறது என்றாலே இங்கே துறைமுகத்தில் எண் போட்டுப் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். மென்பொருள் முதலாளிகளே, நீங்களும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்.