அரிவாள் பிடிக்க மட்டும் நம்ம நிறம்

மனோஜ் நைட் ஷியாமளன் 1970இல் மாஹேயில் பிறந்தவர். மாஹே இருப்பது கேரளக் கரையில்; ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அதனால் இங்கே பலருக்கும் அவர் 'நம்ம ஊர்க்காரர்'. இருக்கட்டும். அதற்காக 2010இல் அவர் எடுத்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தை மன்னிக்க முடியாது.

மூலக்கதையான 'அவதார்' கார்ட்டூன் 2005இல் நிக்கலோடியனில் வந்தது. ஆசியாவும் இனுயிட் வாழ்வும் கலந்த உலகம் அது. கட்டாராவும் ஸாக்காவும் பனிப்பிரதேசத்து மாநிறப் பிள்ளைகள். ஆனால் 2008 கடைசியில் படத்தின் நடிகர்களை அறிவித்தபோது முக்கியமான நாலு பேருமே வெள்ளையர். எதிரி இளவரசன் ஸூக்கோவாக இருந்த ஜெஸ்ஸி மெக்கார்ட்னி விலகியதும் தேவ் படேல் வந்தார். தளபதி ஜாவோவாக ஆசிஃப் மாண்ட்வி. ஆக, உலகத்தைக் காப்பாற்ற வெள்ளைப் பிள்ளைகள், ஊரைக் கொளுத்த நாம்.

பல இனத்தவரும் நடித்த படம் என்று ஷியாமளன் வாதாடினார். தலையை எண்ணினால் சரிதான். எந்தத் தலைக்கு எந்த வேஷம் என்பதுதானே கேள்வி?

2024 நெட்ஃபிளிக்ஸ் தொடருக்கு கோர்டன் கோர்மியர், கியாவெந்தியோ, டாலஸ் லியூ என்று ஆசிய, பூர்வகுடி முகங்கள் கிடைக்கத்தான் செய்தன. (தொடர் சுமார்தான், அது வேறு விஷயம்.)

"நம்மாளு ஹாலிவுட்ல ஜெயிச்சதே பெருசு, இதையெல்லாம் நோண்டாதீங்க" என்கிறார்கள் ஆபீஸில். நோண்டாமல்? கோடம்பாக்கத்தில் மட்டும் என்ன வாழுதாம்! மதுரைப் பொண்ணாக நடிக்க மும்பையிலிருந்து ஆள் வரணும், அரிவாள் பிடிக்க மட்டும் மதுரைக்காரரே போதும்.